கேட்கக் கூசும் பணம்

அன்புள்ள ஐயா,

நான்கு ஆண்டுகளாகப் பைகள் தைத்துக் கொடுக்கும் சிறிய கூடம் ஒன்றை நடத்தி வருகிறேன். எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். இந்த ஆண்டு ஆர்டர்கள் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டன. துணி வெட்ட இரண்டாவது இயந்திரம் ஒன்றைக் கடனில் வாங்கலாமா? மைத்துனரைப் பங்குதாரராகச் சேர்க்கலாமா? நிறுவனத்தின் பெயரையும் சின்னத்தையும் மாற்றினால் வியாபாரம் பெருகுமா? கணக்குப்படி லாபம் இருக்கிறது. ஆனால் மாதக் கடைசியில் சம்பளம் கொடுக்கத் திண்டாடுகிறேன். விற்பனையில் பாதிக்கு மேல் ஒரே வாடிக்கையாளருக்குப் போகிறது. பெரிய இடம், பணம் தாமதமாகத்தான் வருகிறது. கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளையும் விட, போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன கடைசி வரிதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் தொழில்கள், ஆர்டர் கையில் இருக்கும்போதே ஏன் படுத்துவிடுகின்றன என்று கொஞ்ச காலமாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தப் பதில்.

பெயரையும் சின்னத்தையும் விட்டுவிடுங்கள். உங்களிடம் வாங்குகிறவர்கள் தையலைப் பார்த்து வாங்குகிறார்கள். மைத்துனரைச் சேர்ப்பதானால் யார் எவ்வளவு முதல் போடுவது, லாபத்தை எப்படிப் பிரிப்பது, விலகும்போது கணக்கை எப்படித் தீர்ப்பது என்பவற்றை எழுதிக் கையெழுத்திட்ட பிறகு சேருங்கள். எழுதச் சொன்னால் முகம் சுளிப்பார் என்றால் அந்தப் பேச்சே வேண்டாம். இயந்திரத்தைப் பொறுத்தவரை, தைப்பவர்கள் வெட்டிய துணி வராமல் எவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். அப்படி யாரும் உட்காரவில்லை என்றால் இயந்திரம் தேவையில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மாதம் 100-க்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் துணிக்கும் கூலிக்கும் மற்றவற்றுக்கும் 80 அந்த மாதத்திலேயே போய்விடுகிறது, லாபம் 20. வாடிக்கையாளர் இரண்டு மாதம் கழித்துப் பணம் தருகிறார். விற்பனை ஒரே அளவில் இருக்கும்வரை பழைய பில்களுக்கான 100 மாதந்தோறும் வந்துகொண்டிருப்பதால் பிழைப்பு ஓடிவிடும். இப்போது விற்பனை 200 ஆகிறது. செலவு அன்றே 160 ஆகிவிடுகிறது. வரவோ பழைய 100-தான். முதல் மாதம் 60 துண்டு விழுகிறது, இரண்டாவது மாதமும் 60. மூன்றாவது மாதத்திலிருந்துதான் 200 வரத் தொடங்கும். அதன் பிறகும் மூன்று மாத லாபத்தை ஒரு காசு எடுக்காமல் வைத்தால்தான் அந்த 120-ஐ அடைக்க முடியும். விற்பனை இரட்டிப்பான மகிழ்ச்சியில் இருக்கிறவருக்குச் சம்பளம் கொடுக்கப் பணமில்லாமல் போவது இப்படித்தான். லாபம் பேரேட்டில் பத்திரமாக இருக்கிறது. பணம் அந்தப் பெரிய இடத்தின் வங்கிக் கணக்கில் இருக்கிறது. இந்த நிலையில் இயந்திரத்துக்கும் கடன் வாங்கினால் அது அகலக்கால்.

இளவயதில் அட்டைப்பெட்டி செய்யும் சிறு பட்டறை ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். முதலாளி தேர்ந்த கைவினைஞர். அடுக்கி வைத்த பெட்டிகளில் ஒன்றை உருவியெடுத்து, மூலை மடிப்பின் மேல் கட்டைவிரலை ஓட்டி, ஒட்டு பிசகியிருந்தால் அந்த அடுக்கு முழுவதையும் திரும்பப் பிரிக்கச் சொல்வார். ஆனால் வரவேண்டிய பணத்தைப் பற்றிப் பேச அவருக்கு வாய் வராது. ஒருநாள் நான் வற்புறுத்தி, நிலுவையை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்து, பணம் தரவேண்டிய நிறுவனத்துக்கு அனுப்பினேன். போனவர் அந்த நிறுவனத்தாரோடு நெடுநேரம் உறவாடிவிட்டு, நிலுவையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், இன்னும் பெரிய ஆர்டருடன் திரும்பி வந்தார். தாள் நான் மடித்து வைத்தபடியே பையில் இருந்தது. காகிதம் கொடுத்துவந்தவர் பழைய பாக்கி தீராமல் சரக்கு அனுப்ப மாட்டேன் என்று நிறுத்தியபோது, அவருக்கு நாங்கள் தரவேண்டியதைப் போல இரு மடங்கு எங்களுக்கு வெளியில் நின்றது. பட்டறை மூடிய வாரத்திலும் ஆர்டர் புத்தகம் நிறைந்துதான் இருந்தது.

அவர் நல்ல மனிதர். நீங்களும் நல்லவராகவே இருப்பீர்கள். இரவில் எட்டுப் பேரின் சம்பளத்தை நினைத்துத் தூக்கம் வராமல் புரள்கிறவர் கெட்டவராக இருக்க முடியாது. ஆனாலும் சொல்கிறேன், இந்தக் கூச்சத்தைப் பண்பு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். செய்துமுடித்த வேலைக்கான கூலியைக் கேட்பதில் என்ன இழிவு இருக்கிறது? பெரிய இடத்தில் உங்கள் மதிப்பைக் காப்பாற்றிக்கொள்வதற்காக, தையல்காரர்களைச் சம்பளத்துக்குக் காக்க வைக்கிறீர்கள். துணிக்காரரைக் காக்க வைக்கிறீர்கள். அவர்களிடம் ‘இன்னும் இரண்டு நாள்’ என்று சொல்ல உங்களுக்குக் கூச்சமில்லை. வட்டியில்லாக் கடன் கொடுக்க வசதியே இல்லாத அந்த எட்டுப் பேரின் பணத்தை எடுத்து, வசதி உள்ள ஒருவருக்குக் கடனாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். கூச்சப்பட வேண்டியது இதற்குத்தான்.

1494-இல் வெனிஸில் அச்சான நூலில், ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் பற்று, வரவு என இரு பக்கமும் எழுதும் அந்நகர வணிகர்களின் இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை விளக்கிய லூக்கா பாச்சியோலி என்ற துறவி, வணிகர் முதலில் தம் உடைமைகளையும், வரவேண்டியதையும், தரவேண்டியதையும் ஒன்றுவிடாமல் பட்டியலிட வேண்டும் என்கிறார். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். நிலுவைகளை 30 நாளுக்கு உட்பட்டவை, 60 நாள் வரை உள்ளவை, 90 நாள் வரை உள்ளவை, அதையும் தாண்டியவை எனப் பிரித்து எழுதி, வாரத்தில் ஒரு குறித்த நாளில் அதைப் பாருங்கள். சரக்கு போகிற அன்றே பில்லும் போகட்டும். எந்தத் தேதிக்குள் பணம் வரவேண்டும் என்பது அதில் இருக்கட்டும். கெடு முடிந்த பிறகு கோபமாகப் பேசுவதை விட, கெடுவுக்கு ஒரு வாரம் முன்பே பேசுவது எளிது: ‘பில் வந்து சேர்ந்ததா, அதில் ஏதும் குறை உண்டா?’ என்று கேட்டால் போதும். முதலாளியிடம் பேசாதீர்கள், கணக்குப் பிரிவில் பேசுங்கள். பெரிய நிறுவனங்களில் ஆர்டர் எண் எழுத விட்டுப்போன பில் யாருடைய மேசையிலாவது கேட்பாரற்றுக் கிடக்கும். நீங்கள் கேட்கும்வரை அதை யாரும் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை.

கேட்டால் வாடிக்கையாளர் போய்விடுவாரோ என்று அஞ்சுவீர்கள். 100-க்கான ஒரு பில் முழுவதுமாக மூழ்கினால் உங்கள் கையை விட்டுப் போவது 80. அதை மீட்க, ஒழுங்காகப் பணம் வரும் நான்கு பில்களின் லாபம் வேண்டும். ஆகவே அடுத்த ஆர்டருக்குத் துணியின் விலையை முன்பணமாகக் கேளுங்கள், பழைய நிலுவையில் ஒரு பகுதியாவது வராமல் சரக்கை அனுப்பாதீர்கள். அவர் மறுத்தால், அவருக்காக ஒதுக்கிய தையல் நேரத்தைக் காலம் தவறாமல் பணம் தரும் சிறிய வாடிக்கையாளர்களுக்குக் கொடுங்கள்.

அன்புடன்.