நான்கு மகன்கள் இருந்தும் வாரிசில்லாத கொன்சல்

கேள்வி: பிட்னா போரில் மக்கெதோனிய அரசனை வென்ற உரோமக் கொன்சல் (ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் தலைமை ஆட்சியாளர்) எமிலியஸ் பவுலஸின் மகன்களில் ஒருவர் ஃபேபியஸ், மற்றவர் சிபியோ என்கிறார்கள். ஒரே தகப்பனின் பிள்ளைகளுக்கு எப்படி வேறு வேறு குடும்பப் பெயர்?
– உயர்தர மாணவி, ஹட்டன்

பதில்: இருவரும் தத்துப் போனவர்கள். உரோமில் தத்துப்பிள்ளை, தத்தெடுத்தவரின் பெயரை முழுதாக ஏற்று, பிறந்த குலப்பெயரை 'ஆனஸ்' விகுதியோடு கடைசியில் வைத்துக்கொள்ளும். பப்ளியஸ் கொர்னீலியஸ் சிபியோ எமிலியானஸ் என்றால், போன வீடு சிபியோ வீடு, பிறந்தது எமிலியஸ் குலம். அண்ணன் குவின்டஸ் ஃபேபியஸ் மக்சிமஸ் எமிலியானஸ். பெயரின் வாலை முதலில் பாருங்கள்.

சிபியோவைத் தத்தெடுத்தவரை ஆங்கில நூல்கள் 'கசின்' என்று முடித்துவிடும். நமக்கு அவர் அத்தை மகன். பவுலஸின் சகோதரி எமிலியா, கார்த்தேஜ் தளபதி ஹனிபாலை வென்ற சிபியோ ஆபிரிக்கானஸின் மனைவி. அவள் பெற்ற மகன்தான் தன் மாமன் மகனைப் பிள்ளையாக்கிக்கொண்டான்.

இவர்கள் இருவரும் பவுலஸ் விலக்கிய முதல் மனைவி பபீரியாவின் பிள்ளைகள். வீட்டுக்கென்று வைத்துக்கொண்டது இரண்டாம் தாரத்துப் பையன்கள் இருவரை. கி.மு. 167இல் மூன்று நாள் வெற்றி ஊர்வலம். அதற்கு ஐந்து நாள் முன்பு 14 வயதுப் பையன் இறந்தான். ஊர்வலம் முடிந்த மூன்றாம் நாள் 12 வயதுப் பையனும் போனான். தத்துப் போனவர்கள் சட்டப்படி வேற்று வீட்டார். பவுலஸ் பெயரைச் சுமக்க எவரும் மிஞ்சவில்லை.

விடைத்தாளில் பிழை வருவது வேறிடத்தில். பவுலஸின் தகப்பனுக்கும் அதே பெயர்தான், அவரும் கொன்சல்தான். கி.மு. 216இல் கன்னே போரில் மாண்டவர் தகப்பன். 182இலும் 168இலும் கொன்சலாக இருந்தவர் மகன். ஆண்டைச் சேர்த்தே எழுதுங்கள். அக்குலத்தில் பிறந்த பெண்கள் எல்லோருமே எமிலியா என்பதால், யார் மகள், யார் மனைவி என்பதையும் குறியுங்கள்.

கேள்வி: கொன்சல் என்றால் பெரும் பணக்காரர்தானே?
– வாசகர், பண்டாரவளை

பதில்: பவுலஸ் அப்படியில்லை. மக்கெதோனியச் செல்வத்தை உரோமின் கருவூலத்தில் சேர்த்தார். அதன்பின் உரோமக் குடிமக்கள் நேரடி வரி கட்டுவதே நின்றது. மகன்களுக்கென்று எடுத்துக்கொடுத்தது தோற்ற அரசனின் நூல்களை மட்டும். கி.மு. 160இல் அவர் இறந்தபோது விதவையின் சீதனத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது, சட்டம் அப்படி. அதற்கே அடிமைகளையும் சில நிலங்களையும் விற்றார்கள்.

மகள் ஒருத்தி வாழ்க்கைப்பட்ட டியூபெரோ வீட்டில் உறவினர் 16 பேர், மனைவி மக்களோடு ஒரே சிறு வீட்டில், ஒரே சிறு தோட்டத்தை நம்பி இருந்தார்கள். லயத்துக் காம்பராவில் வளர்ந்தவர்களுக்கு அந்த நெருக்கம் புரியும். கொள்ளைப் பொருளில் பவுலஸ் மருமகனுக்குக் கொடுத்தது ஐந்து இறாத்தல் எடையுள்ள ஒரு வெள்ளிக் கிண்ணம். அந்தக் குடும்பத்துக்குள் நுழைந்த முதல் வெள்ளி அதுதான் என்று பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார்.