அம்மாவின் மறதிக்கு என்ன கொடுக்கலாம்?

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. சுத்த சைவம். பல வருடங்களாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். நெஞ்செரிச்சலுக்குத் தினமும் பான்டோபிரசோல். ஒரு வருடமாக மறதி கூடிக்கொண்டே போகிறது. அடுப்பில் பால் வைத்ததை மறந்துவிடுகிறார், கேட்டதையே திரும்பக் கேட்கிறார். பாதம் மரத்துப்போகிறது என்கிறார். சர்க்கரையால்தான் என்று விட்டுவிட்டோம். வல்லாரை லேகியம், வால்நட், தினம் இரண்டு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைக் கொடுத்தால் ஞாபகசக்தி திரும்பும்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: எதைக் கொடுப்பது என்பது இருக்கட்டும். அம்மாவின் உடம்பில் எது சேராமல் போகிறது என்று முதலில் பாருங்கள். துப்பு உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. சைவம், மெட்ஃபார்மின், பான்டோபிரசோல், மரத்துப்போகும் பாதம். இந்த நான்கும் ஒருவரிடமே சேர்ந்திருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது வைட்டமின் பி12 குறைபாட்டைத்தான்.

பி12 செடிகொடியில் கிடையாது. சைவர்களுக்குப் பாலும் தயிரும் மோரும்தான் வழி. பாலில் அது புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பிரித்தெடுக்க வயிற்றில் அமிலம் வேண்டும். வயதானால் அமிலம் தானாகவே குறையும், பான்டோபிரசோல் அதை மேலும் குறைக்கும். பிரிந்து வந்ததும் சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் உறிஞ்சப்படும். நீண்டகாலம் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு அங்கேயும் தடங்கல். பழைய சோற்றிலும் இட்லி மாவிலும் பி12 நிறைய இருக்கிறது என்று ஒரு பேச்சு உண்டு; அதை நம்பி இருக்க முடியாது.

ரத்தப் பரிசோதனையில் பி12 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு. 200க்கும் 300க்கும் நடுவில் இருந்தாலும் சரியாக இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. இதுபோன்ற அறிகுறிகள் இருக்கும்போது, பி12 குறைந்தால் ரத்தத்தில் ஏறும் ஹோமோசிஸ்டீன் என்ற பொருளின் அளவையும் பார்க்கச் சொல்வார்கள். கூடவே தைராய்டு, சோடியம், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), ரத்த அணுக்கள் ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். ரத்தம் கொடுப்பதற்கு முன் மெடிக்கல் ஷாப்பில் சத்து மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். பி12 மாத்திரை போட்டிருந்தால் ரிசல்ட் உயர்ந்து காட்டும். ஃபோலிக் அமிலத்தை மட்டும் போட்டால் பி12 குறைவால் வந்த ரத்தசோகை சரியாகிவிடும், நரம்பு உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே இருக்கும்.

குறைபாடு உறுதியானால் டாக்டர் ஊசியில் ஆரம்பிப்பார், அல்லது தினம் 1,000 மைக்ரோகிராம் மாத்திரை தருவார். உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 2.5 மைக்ரோகிராம்தானே, எதற்கு இவ்வளவு என்று தோன்றும். மாத்திரையில் இருப்பது புரதத்தோடு ஒட்டாத பி12. அதற்கு அமிலம் தேவையில்லை. வேறு எந்த உதவியும் இல்லாமலேயே நூற்றில் ஒரு பங்கு ரத்தத்தில் சேரும். அந்த 10 மைக்ரோகிராமே தாராளம். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பான்டோபிரசோல் இன்னமும் தேவையா என்று மட்டும் கேளுங்கள். நரம்பு தேற மாதக்கணக்கில் ஆகும். மறதி முழுவதும் பி12ஆல் வந்ததாக இருப்பது அபூர்வம், ஆகவே ஊசி போட்டதும் பழைய அம்மா திரும்பிவிடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆனாலும் சரிசெய்யக்கூடிய ஒன்றைச் சரிசெய்யாமல் விடக் கூடாது.

அடுத்தது கிளிமிபிரைடு. இந்த மாத்திரையைப் போட்டுவிட்டு ஏகாதசி, சஷ்டி என்று பட்டினி கிடந்தாலோ, பூஜை முடியட்டும் என்று டிபனைத் தள்ளிப்போட்டாலோ சர்க்கரை சரேலென்று இறங்கும். மூளைக்கு அது நல்லதே இல்லை. வேர்வை, நடுக்கம், உளறல் தெரிந்தால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். விழுங்க முடியாத நிலையில் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிடுங்கள். விரதம் விடமாட்டேன் என்று அம்மா பிடிவாதமாக இருந்தால், அன்றைக்கு மாத்திரையை என்ன செய்வது என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு வையுங்கள்.

இனி சாப்பாடு. நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்கு இரவு ரெண்டு இட்லி, காலையில் காபி பிஸ்கட் என்று சுருங்கிப்போயிருக்கும். புரதம் போதாது. 55 கிலோ எடை என்றால் நாளைக்கு 55 முதல் 65 கிராம் வரை வேண்டும். பால், தயிர் சேர்த்து அரை லிட்டரில் 16 கிராம், 50 கிராம் பருப்பில் 11, நாலு மணிக்கு 40 கிராம் கடலையை ஊறவைத்துச் செய்த சுண்டலில் 8, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7, மிச்சம் அரிசி, கோதுமையில். பல் இல்லையென்றால் சுண்டலை மசித்துக் கொடுங்கள். சாம்பாரின் தெளிவை மட்டும் ஊற்றிக்கொண்டால் இந்தக் கணக்கு பலிக்காது. அடியில் தங்கும் பருப்பு தட்டுக்கு வர வேண்டும். கிரியாட்டினின் கூடியிருந்தால் புரத அளவை டாக்டரிடம் கேட்டுத்தான் வைக்க வேண்டும்.

கீரை வாரம் நாலைந்து நாள் இருக்கட்டும். உப்பு மொத்தம் ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராம். ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் எல்லாம் அதற்குள்தான் அடக்கம். ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது மூளைக்கு எந்தக் கொட்டையையும்விட முக்கியம். அதற்காக உப்பை அடியோடு நிறுத்துவதும் தப்பு. நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களுக்கு சோடியம் இறங்கி அதனாலேயே குழப்பம் வரும்.

சொந்தக்காரர்கள் சொன்னதற்கு வருகிறேன். வல்லாரைத் துவையல் நல்ல கீரைத் துவையல், சாப்பிடட்டும். மறதி நோயை அது மாற்றும் என்பதற்கு ஆதாரம் போதாது. லேபிள் இல்லாத லேகியம் வேண்டாம். தேங்காய் எண்ணெயைத் தனியாகக் குடிப்பதால் கெட்ட கொலஸ்ட்ரால்தான் ஏறும். வால்நட் நாலைந்து தரலாம், வாங்க முடிந்தால்; இல்லாவிட்டால் வறுத்துப் பொடித்த ஆளிவிதை ஒரு ஸ்பூனை மோரில் கலந்து தாருங்கள்.

மூளைக்கென்றே வகுத்த ‘மைண்ட்’ உணவு முறையை அமெரிக்காவில் 604 பேரிடம் மூன்று வருடம் சோதித்தார்கள். முடிவு 2023இல் வந்தது: சாதாரண உணவில் கலோரியை மட்டும் குறைத்தவர்களைவிட அவர்களுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையிலான 1,260 பேரைக் கொண்டு நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில் பலன் தெரிந்தது. அங்கே சாப்பாட்டோடு உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்த அழுத்தக் கண்காணிப்பு எல்லாம் சேர்ந்திருந்தன. ஆகவே தினம் அரை மணி நேரம் அம்மாவோடு நடங்கள், காது கேட்கிறதா என்றும் பாருங்கள்.

டாக்டரிடம் போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஓரிரு நாளில் திடீரென்று ஆள் தெரியாமல் பேசினாலோ, பகலெல்லாம் தூங்கி வழிந்தாலோ, ஒரு பக்கக் கை சோர்ந்தாலோ அது இந்த மறதியில் சேராது. சிறுநீர்த் தொற்று, சோடியம், பக்கவாதம் என்று எதுவாகவும் இருக்கலாம். அப்போது வெளிநோயாளி சீட்டுக்குக் காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.