எக்மோர்த்: மதிலும் உப்பும் (கேள்வி பதில்)

தெற்கு பிரான்ஸில் உள்ள எக்மோர்த் என்ற சிறிய ஊரைப் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கேள்வி: ஊர் சரியாக எங்கே இருக்கிறது? எவ்வளவு பேர் வாழ்கிறார்கள்?

கார் (Gard) என்ற மாவட்டத்தில், ரோன் ஆற்றுக் கழிமுகச் சதுப்பான கமார்க்கின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. நீம் நகரிலிருந்து ரயிலில் போய்விடலாம். மக்கள்தொகை சுமார் 8,500. பரப்பு 58 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதில் பெரும்பகுதி ஏரி, சதுப்பு, உப்பளம், மணலில் வளரும் திராட்சைத் தோட்டங்கள். படங்களில் பார்க்கும் மதிலுக்குள் வசிப்பவர்கள் கொஞ்சம் பேர்தான்.

கேள்வி: பிரெஞ்சு அரசர் ஒன்பதாம் லூயி இங்கிருந்துதான் சிலுவைப் போருக்குக் கப்பல் ஏறினாராம். இப்போது கடல் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறதே, கடல் பின்வாங்கிவிட்டதா?

பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள், ஆனால் அது சரியல்ல. லூயி காலத்திலும் ஊர் கடலோரத்தில் இல்லை. காயல் கரையில் இருந்தது. கால்வாய் வழியாகத்தான் கடலுக்குப் போனார்கள். 1248-லும் 1270-லும் அவர் புறப்பட்டது இப்படித்தான். இரண்டாவது முறை வட ஆப்பிரிக்காவின் துனிஸில் நோய் கண்டு இறந்தார். ஆறுகள் கொண்டுவந்த வண்டல் கால்வாய்களைத் தூர்த்துக்கொண்டே இருந்ததால் துறைமுகம் செத்தது. இன்றைய கடற்கரை ஊரான லெ கிரோ-து-ருவா 1879-இல் எக்மோர்த்திலிருந்து பிரிந்து தனி ஊரானது.

கேள்வி: மார்செய் என்ற பெரிய துறைமுக நகரம் பக்கத்தில் இருக்கும்போது சேற்றில் ஏன் துறைமுகம்?

அன்று மார்செய் பிரெஞ்சு அரசருடையது அல்ல, புரோவான்ஸ் பிரபுவின் ஆட்சிக்கு உட்பட்டது. பக்கத்து மோன்பெலியே அரகோன் அரசர் கையில். மத்தியதரைக் கடலில் தனக்கென ஒரு வாசல் வேண்டும் என்று லூயி சல்மோதி மடத்துத் துறவிகளிடமிருந்து இந்த நிலத்தைப் பெற்றார். யாரும் குடியேற விரும்பாத இடம் என்பதால் 1246-இல் வரிச் சலுகைகள் கொடுத்தார். கான்ஸ்தான்ஸ் கோபுரம் அவர் கட்டியது. 1,634 மீட்டர் மதிலோ அவர் மகன், பேரன் காலத்து வேலை. லூயி அதைப் பார்த்ததே இல்லை! 1481-இல் புரோவான்ஸ் பிரான்ஸோடு சேர்ந்ததும் மார்செய் கிடைத்துவிட்டது, இந்த ஊரின் தேவை குறைந்தது.

கேள்வி: கோபுரம் சிறையாக இருந்ததா, அண்ணா?

ஆமாம் தம்பி. 1685-இல் பிரான்ஸ் அரசர் புரோட்டஸ்டண்ட் கிறிஸ்தவ வழிபாட்டைத் தடை செய்த பிறகு அவர்களை இங்கே அடைத்தார்கள், பின்னாளில் பெரும்பாலும் பெண்களை. மரீ துராந் 1730-இல் இளம்பெண்ணாக உள்ளே போனார். அண்ணன் புரோட்டஸ்டண்ட் போதகர் என்பதுதான் அவர் செய்த குற்றம். மதத்தைக் கைவிட்டால் விடுதலை என்றார்கள். அவர் மறுத்தார். 1768 வரை, 38 ஆண்டுகள் சிறை. உடனிருந்த பெண்களுக்காக உதவி கேட்டு அவர் எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. கோபுரத்துக் கல்லில் 'எதிர்த்து நில்' எனும் பொருளில் ஒரு சொல் செதுக்கப்பட்டிருக்கிறது. அது அவர் கைவேலை என்பது மரபு.

கேள்வி: உப்பளத்துத் தண்ணீர் ஏன் ரோஜா நிறம்?

துனாலியெல்லா என்ற நுண்பாசிதான் காரணம். உப்பு ஏற ஏற அது செந்நிறமியைச் சேர்த்துக்கொள்கிறது. அதைத் தின்னும் சிறு உப்புநீர் இறால்களைப் பூநாரைகள் தின்ன, அவற்றுக்கும் அந்த நிறம் வருகிறது. வசந்தத்தில் கடல்நீரை விட்டு, பாத்தி பாத்தியாகக் கடத்தி வெயிலில் வற்றவைத்து, கோடை முடிவில் உப்பு வாருகிறார்கள்.

கேள்வி: 1893-இல் இங்கே ஏதோ கலவரம் என்று படித்தேன். என்ன நடந்தது?

கலவரம் என்று சொல்வதே போதாது, அது படுகொலை. உப்பு வாரும் பருவத்தில் பிரெஞ்சுக்காரர்களும் இத்தாலியர்களும் கூலிக்கு வந்திருந்தார்கள். வேலைத் தகராறு வளர்ந்து, இத்தாலியர்கள் ஊர்க்காரர்களைக் கொன்றுவிட்டார்கள் என்ற பொய் வதந்தி பரவியது. ஆகஸ்ட் 17 அன்று கும்பல் இத்தாலியர்களைத் துரத்தித் துரத்தி அடித்தது. அரசுக் கணக்கில் 8 பேர் இறந்தார்கள், உண்மை எண்ணிக்கை இன்றும் விவாதத்தில் இருக்கிறது. அங்கூலேம் நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்ட அனைவரும் விடுதலை! இத்தாலியில் பிரான்ஸுக்கு எதிராகக் கொந்தளிப்பு எழுந்தது. லூயியின் சிலை ஊர்ச் சதுக்கத்தின் நடுவே நிற்கிறது. இந்தத் தொழிலாளர்களைப் பற்றியும் வருகிறவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: ஒரே நாள்தான் இருக்கிறது. என்ன பார்க்கலாம்?

காலையில் கோபுரத்தில் ஏறுங்கள், அப்படியே மதில் மேல் முழுச் சுற்று நடந்துவிடலாம். தெற்குப் பக்கம் நின்றால் உப்பளம் முழுவதும் தெரியும். அப்புறம் உப்பளத்துக்கே போங்கள். கோடையில் போகிறவர்கள் கொசுவுக்குத் தயாராகப் போங்கள், கமார்க் கொசு விடாது. பசித்தால் ஊர் பேக்கரியில் ஆரஞ்சுப் பூநீர் மணக்கும் ஃபுகாஸ் என்ற இனிப்பு ரொட்டி கேளுங்கள்.