கழுத்துரு பெட்டகத்திலேயே இருக்கட்டும், ஆச்சி

போன ஞாயிறு தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி, மகனை என்ன படிக்கவைக்கலாம் என்று கேட்க அவனோடு வந்திருந்தார்கள். சென்னையிலிருக்கும் அம்மான் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாராம். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குப் பணம் கட்டக் கல்யாணத் தாலி நகையான கழுத்துருவை அடகு வைக்கப்போவதாகச் சொல்லும்போதே குரல் கம்மியது. பதறாதீர்கள் என்று காபி கொடுத்தேன். அதற்குமேல் ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆச்சி, உங்கள் மகனை ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். மாடியிலிருக்கும் சோலார் ஹீட்டர் சுடவில்லை என்று, கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் செம்புக் குழாய்களை ஒவ்வொன்றாக உருவி, அடிமுனையை வெந்நீரில் வைத்து, மேல்முனைக் குமிழைத் தொட்டுப் பார்த்திருக்கிறான். நல்ல குழாய் சில நொடியில் விரலைச் சுட்டது. நாலு குழாய் சில்லென்றே கிடந்தன. அவைதான் கெட்டுப்போனவை. உள்ளே இருப்பது கொஞ்சம் தண்ணீர்தான். காற்றை உறிஞ்சி மூடிவிட்டதால் அது 30 டிகிரியிலேயே கொதித்து, ஆவியாக மேலே போய்ச் சூட்டை இறக்கிவிட்டு வழிந்து வரும். பொடி ஓட்டையில் காற்று புகுந்தால் குழாய் செத்தது. இதை எனக்கே அவன்தான் விளக்கினான்!

இவனுக்கு ஐ.டி.ஐ. என்கிற தொழிற்பயிற்சி நிலையத்தில் குளிர்பதன, ஏ.சி. மெக்கானிக் பிரிவைச் சொல்கிறேன். 2 வருடம். பத்தாவது பாஸ் போதும். ஏ.சி.க்கும் வெந்நீருக்கும் என்ன சம்பந்தம் என்று அம்மான் சிரிப்பார். சிரிக்கட்டும். செம்புக் குழாயைப் பற்றவைப்பது, நைட்ரஜன் அடைத்துச் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்ப்பது, வாக்குவம் பம்ப் வைத்துக் காற்றை இழுப்பது, கேஸை எடைபோட்டு ஏற்றுவது, இரண்டுக்கும் ஒரே கைவேலை. தண்ணீருக்குப் பதில் வேறு திரவம் போட்டும் சோலார் ஹீட்டர் செய்கிறார்கள். அசிட்டோன் 56 டிகிரியில் கொதிக்கும். ஃபிரிட்ஜ் கேஸ் ஆர்-134ஏ மைனஸ் 26-லேயே. ஆனால் அது கரியமில வாயுவைவிட 1,430 மடங்கு பூமியைச் சூடாக்கும். அந்த மாதிரி கேஸைக் குறைக்க உலக நாடுகள் போட்ட 2016 கிகாலி உடன்பாட்டை 2021-ல் இந்தியாவும் ஏற்றுவிட்டது. மாற்றாக வரும் ஐசோபியூட்டேன் தீப்பிடிக்கும் சரக்கு; பழகாத கையில் கொடுக்க முடியாது. கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் ஓட்டலாகிவிட்ட பெரிய வீடுகளில் அறைக்கு அறை வெந்நீர் கேட்கிறார்கள். போர் தண்ணீரின் உப்பு குழாயை அடைக்காமலிருக்க, வேறு திரவத்தை மூடிய குழாயில் சுற்றவிட்டு, அந்தச் சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் ஏற்பாடும் உண்டு. அதைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டுமே.

முதல் சம்பளம் ஐ.டி. கம்பெனிச் சம்பளமாக இருக்காது. மறைக்க மாட்டேன். ஆனால் அரசு ஐ.டி.ஐ.யில் படிப்புக் கட்டணம் கிடையாது. கடன் ஒரு ரூபாய் இல்லை. முடித்தபின் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு, அங்கிருந்து பி.இ.யிலும் இரண்டாம் ஆண்டு சேரலாம். அம்மானின் பி.இ. எங்கும் ஓடிவிடாது. பிடிக்காத படிப்புக்கு நகையை வைத்துவிட்டு, நாலு வருடம் வட்டியும் அரியருமாக அல்லாடுவதற்கு நான் சம்மதிக்கவே மாட்டேன்.

எல்லா ஐ.டி.ஐ.யிலும் இந்தப் பிரிவு இருக்காது. எங்கே இருக்கிறதென்று பார்த்து, அவனையே விண்ணப்பம் நிரப்பச் சொல்லுங்கள். அம்மான் நம்பரைக் கொடுங்கள், நான் பேசுகிறேன்.