கண்ணாடியில் கமகம் வருமா? – வாசகர் கேள்வி பதில்

பதில் தருபவர்: கிளிநொச்சியில் வயலின் கற்பிக்கும் ஆசிரியை

கேள்வி: என் தந்தை கோவலன் கூத்தைப் பழக்கிப் பாடும் அண்ணாவியார். எங்கள் ஆர்மோனியத்தின் துருத்தி கிழிந்து கிடக்கிறது. திருத்தித் தர அருகில் ஆளில்லை. என் மகன் டேப்லெட்டில் ஆர்மோனியச் செயலி ஒன்றை இறக்கி வாசிக்கிறான். ‘கண்ணாடியைத் தடவினால் பாட்டு வருமா?’ என்று தந்தை சினக்கிறார். யார் பக்கம் நியாயம்?
– வாசகர், முள்ளியவளை

பதில்: தம்பி கையில் எடுத்த கருவி சரி. அதற்குள் திறந்த வாத்தியம்தான் பிழை. ஆர்மோனியத்தின் படத்தைக் கண்ணாடியில் வைத்து வாசித்தால் துருத்தியின் மூச்சும் இல்லை, விரல் அழுத்தும் கட்டையின் விளிம்பும் இல்லை. ஆர்மோனியத்தின் குறை மட்டும் அப்படியே மிஞ்சுகிறது. அந்தக் குறை சிறியதன்று. ஒரு சுரத்திலிருந்து மற்றதற்குத் தாவ அதற்குத் தெரியும், இடையிலுள்ள வழியில் நடக்கத் தெரியாது. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை விலக்கி வைத்திருந்ததற்கு இது முக்கியமான ஒரு காரணம். அண்ணாவியார் ஓர் அடியை இழுத்து முடிக்கும்போது குரல் வழிந்து இறங்குவதைக் கவனித்துப் பாருங்கள். பக்கத்தில் ஆர்மோனியம் குதித்துக் குதித்து இறங்கும். வயலின் பிடித்துப் பழகிய எனக்கு அந்த இடம் வரும்போதெல்லாம் இடக்கை தானாக அசையும்.

தொடுதிரைக்கு அந்தத் தடை இல்லை. கண்ணாடிக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. விரல் பட்டதும் அங்குள்ள மின்புலம் சற்றே மாறும். அதை வைத்து விரல் நிற்கும் இடத்தைத் திரை நொடிக்குப் பல தடவை கணக்கிடுகிறது. ஷட்ஜத்திலிருந்து ரிஷபத்துக்கு விரலை இழுத்தால் இடைப்பட்ட வழி முழுவதும் அதற்குத் தெரியும். ஆகவே தம்பியை, விரல் வழுக்கினால் சுரமும் வழுக்கும் செயலிக்கு மாறச் சொல்லுங்கள். ஐபேட் இருந்தால் ஜியோஷ்ரெட் என்ற செயலி இதற்கென்றே அமைந்தது. விரல் ஓடும்போது சுரம் வளையும். நின்றதும் சரியான சுரத்தில் போய் அமரும்படியும் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு வசதியும் உண்டு. மின்வாத்தியங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மிடி முறை 1983இல் வந்தது. கட்டை வாத்தியத்தை மனதில் வைத்து அமைத்த முறை அது. ஒரு சுரத்தை வளைத்தால் அதே தடத்தில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களும் சேர்ந்து வளையும். 2018இல் அதனோடு சேர்ந்த எம்.பி.இ. என்ற விரிவு ஒவ்வொரு விரலுக்கும் தனித்தடம் தந்தது. ஒரு விரல் சுருதியைப் பிடித்து நிற்க, மற்றது சுரத்தை வளைத்து அசைக்கும் கமகத்தை வாசிக்கலாம். கூத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

ஆனாலும் உங்கள் தந்தையின் சினத்தை நான் தள்ளிவிட மாட்டேன். சாதாரணத் திரைக்கு விரல் இருக்கும் இடம் தெரியும். அது எவ்வளவு அழுத்துகிறது என்பது தெரியாது. அதனால் மென்மையும் வன்மையும் விரல் அழுத்தத்தில் பிறப்பதில்லை. பல செயலிகளில் விரலை மேலும் கீழும் நகர்த்தி ஒலியளவை மாற்றலாம். அது தனியே பழக வேண்டிய வித்தை. இதிலும் பெரிய சிக்கல் கண். கண்ணாடியில் விளிம்பு இல்லாததால் வாசிப்பவர் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். பக்கப்பாட்டுக்காரர்களோடு அமர்ந்திருப்பவர் பார்க்க வேண்டியது அண்ணாவியாரின் வாயையும் ஆடுபவரின் காலையும் அல்லவா? அதற்கு ஒரு வழி உண்டு. ஷட்ஜமும் பஞ்சமமும் விழும் இடங்களில் மெல்லிய ஒட்டுநாடாவை ஒரு கீற்றாக ஒட்டிவிடுங்கள். மெல்லிய நாடாவின் ஊடாகவும் திரை விரலை உணரும். விரலுக்கும் ஒரு விளிம்பு கிடைக்கும். பிறகு திரையைப் பார்க்காமல் வாசிக்கப் பழகட்டும். அதுவரை மேடை வேண்டாம். துருத்தியைத் திருத்தும் முயற்சியையும் கைவிடாதீர்கள்.

கேள்வி: மகள் கைப்பேசியில் மிருதங்கம் தட்டிப் பழகுகிறாள். தட்டிய பிறகுதான் ஒலி வருகிறதாம். கைப்பேசி பழுதா?
– தாயார், வவுனியா

பதில்: காதில் புளூடூத் கருவி மாட்டியிருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். ஒலியைச் சுருக்கி அனுப்பி மீண்டும் விரிப்பதற்குள் 150, 200 மில்லிநொடி கூடப் போய்விடும். காற்றில் ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 345 மீற்றர் செல்கிறது. 10 மில்லிநொடித் தாமதம் என்றால் தவில்காரரிடமிருந்து மூன்றரை மீற்றர் தள்ளி அமர்ந்திருப்பதற்குச் சமம். அதைக் காது பொறுத்துக்கொள்ளும். 200 மில்லிநொடி என்பது ஏறக்குறைய 70 மீற்றர் தொலைவு. அங்கிருந்து யாரால் தாளம் பிடிக்க முடியும்? கம்பி உள்ள காதொலிப்பானைக் கொடுங்கள். அப்படியும் பிந்தினால் வேறு செயலியைப் பார்க்கலாம். விரல்களின் பலமும் தாளச் சொற்களின் தெளிவும் மிருதங்கத்தின் தோலில்தான் வரும் என்பதையும் மகளுக்குச் சொல்லிவையுங்கள்.

கேள்வி: உயர்தரத்தில் சித்திரம் படிக்கிறேன். கைப்பேசியில் விரலால் வரைகிறேன். ரப்பர் முனைப் பேனா வாங்கினால் கோடு நேர்த்தியாகுமா?
– மாணவி, மாங்குளம்

பதில்: வாங்காதீர்கள், தங்கச்சி. ரப்பர் முனை இன்னொரு விரல்தான். அழுத்தினால் கோடு தடிப்பதும் தளர்த்தினால் மெலிவதும் அதில் இயல்பாக வராது. விரலால் வரைவதில் தாழ்வும் இல்லை. ஆங்கில ஓவியர் டேவிட் ஹொக்னி எழுபது வயதைக் கடந்த பிறகு ஐபோனில் விரலால் வரையத் தொடங்கினார். பின்னர் ஐபேடில் அவர் வரைந்த நிலக்காட்சிகள் 2012இல் லண்டன் ரோயல் அக்கடமியில் பெரிய அச்சுகளாகச் சுவரேறின. நீங்களும் நம் வெட்டைகளையும் குளக்கட்டு மருதமரங்களையும் பெரும் நிறப்பரப்புகளாக விரலாலேயே வரையுங்கள். நுண்கோடு வேண்டிய இடத்தில் பென்சிலும் தாளும் இருக்கின்றன.

மே, ஜூன் வெயிலில் விரல் வியர்த்தால் கோடு உடையும், தாவும். ஈரமும் மின்சாரத்தைக் கடத்துவதால் திரை தடுமாறுகிறது. பக்கத்தில் ஒரு பருத்தித் துணி வைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டுக்கு உயிர் வேண்டுமென்றால் காசு சேர்த்து, திரை இல்லாத வரைபலகை ஒன்றை வாங்குங்கள். ஜப்பானிய வக்கொம் நிறுவனத்தின் பலகைகளில் பேனாவுக்கு மின்கலமே தேவையில்லை. பலகை உண்டாக்கும் காந்தப்புலத்திலிருந்து அது சக்தியைப் பெற்று, அழுத்தத்தைத் திருப்பிச் சொல்கிறது. சில மாதிரிகளைக் கைப்பேசியோடும் இணைக்கலாம். கடையில் பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் கைப்பேசியைச் செருகி, ஒரு கோடு இழுத்துப் பார்த்துவிடுங்கள்.