பற்றை என்று எழுதினீர்களே

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் வாவிக்கரை வெறும் பற்றையாகக் கிடக்கிறது. அதைத் துப்புரவாக்கிக் கிரவல் போட்டு, நடைபாதையும் ஊஞ்சலும் அமைத்தால் மாலையில் சனங்கள் காற்று வாங்கலாம். இயற்கையைப் பாதுகாத்ததாகவும் இருக்கும். நுழைவுக் கட்டணம் அறவிடலாமா?

ஒரு வாசகர், மட்டக்களப்பு

அன்புள்ள தம்பி,

சனங்களுக்கு ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தீர்களே, அந்த மனதுக்காக எழுதுகிறேன். போன கிழமை கல்லடிப் பாலத்தில் நின்று நானும் இதைத்தான் யோசித்தேன். கட்டணம் கிடக்கட்டும். எது பற்றை? வாவிக்கரைச் சேற்றில் வளரும் மரங்களான கண்டலா, கண்ணாவா, தில்லையா? வாழைச்சேனைப் பக்கம் கிண்ணையடி என்று ஊருக்கே மரத்தின் பெயரை வைத்தவர்களின் பேரன் எழுதுகிற சொல்லா இது?

எட்டு வயதில் அம்மானோடு தோணியில் போவேன். ஒரு பூரணையன்று அவர் வீச்சுவலை எறிய, நான் சேற்றில் இறங்கி, கண்ணா மரத்தைச் சுற்றிப் பென்சில் நட்டதுபோல நிற்கும் வேர்களை முறித்து விளையாடினேன். முதுகில் ஓர் அடி விழுந்தது. "உன் மூக்கைப் பொத்தட்டுமா?" என்று கேட்டவர், உண்மையிலேயே பொத்தினார். என் அழுகை ஓய்ந்து நிலவும் ஏறிய பிறகு, துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, பிடியை என் காதில் வைத்து, பூரணை இரவில் எங்கள் வாவி மீன் பாடும் என்பார்களே, அதைக் கேள் என்றார்.

சேற்றுக்குள் காற்று இல்லை, தம்பி. அதனால்தான் அந்த வேர்கள் மேலே வந்து மூச்சு விடுகின்றன. அவற்றின் மேல் கிரவலைக் கொட்டினால் கோடரி தேவையில்லை, மரம் நின்றபடியே பட்டுப்போகும். தானாகச் செத்த மரம் என்று சொல்லிப் பிறகு வெட்டுவீர்கள். இறால் குஞ்சு ஒளிந்து வளர்வதும் அந்த வேர்களுக்குள்தான். கிரவல் போட்டுவிட்டு, சந்தையில் இறால் விலை ஏறிவிட்டது என்று எனக்கே இன்னொரு கடிதம் எழுதுவீர்கள்!

யாரும் போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. உகந்தையிலிருந்து குமண காட்டு வழியே கதிர்காமத்துக்குப் பாதயாத்திரையாக நடக்கிறவர்கள் கிரவலா கேட்டார்கள்? பொத்துவில் களப்பில் மீனவர்களே தோணியில் ஏற்றிக் கண்டலைக் காட்டுகிறார்கள். நடக்கத்தான் வேண்டுமென்றால் கட்டைக்கால் நட்டுப் பலகைப் பாதை போடுங்கள். ஒலிபெருக்கி மட்டும் கட்டாதீர்கள்.

அன்று துடுப்பில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டது என்று அம்மானிடம் பொய் சொன்னேன். உங்கள் ஊரில் தோணி இருந்தால் அடுத்த பூரணைக்குச் சொல்லி அனுப்புங்கள்.