பூங்கா மேடாக இருக்கக் கூடாது: புறநகர் மனைப்பிரிவு கேள்வி-பதில்

கேள்வி: வண்டலூர் பக்கம் 2 ஏக்கரில் உறவினர்கள் சேர்ந்து 12 வீடுகள் கட்டப் போகிறோம். ரோட்டையும் மனைகளையும் வரைந்துவிட்டு, மீந்த மூலையில் பூங்கா காட்டியிருக்கிறார்கள். சரிதானா?

தலைகீழாக வரைந்திருக்கிறார்கள். முதலில் லெவல் சர்வே (நிலத்தின் மேடுபள்ளத்தை அளப்பது) எடுங்கள். 5 மீட்டருக்கு ஒரு புள்ளி போதும். ஐப்பசி மழைத் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்து எங்கே தேங்கும் என்று பக்கத்து நிலத்துக்காரரிடமும் கேட்டுவிடுங்கள். தேங்கும் இடம்தான் பூங்கா. ரோடு அதற்குப் பிறகு, மனை கடைசியில்.

கணக்கைப் பாருங்கள். 2 ஏக்கர் என்பது 87,120 சதுர அடி. ரோட்டுக்கு 17,000 போனால் மிச்சம் சுமார் 70,000; அதில் பூங்காவுக்கு ஒதுக்கும் 10 சதவீதம் 7,000 சதுர அடி. வடகிழக்குப் பருவமழையில் ஒரே நாளில் 10 செ.மீ. கொட்டினால் ரோட்டிலிருந்து சுமார் 1.4 லட்சம் லிட்டர் ஓடிவரும். பூங்காவிலேயே விழுவது 65,000 லிட்டர். ஆக 2 லட்சத்துக்குச் சற்று மேல். அந்த 7,000 சதுர அடியை ரோட்டைவிட 1 அடி தாழ்த்தினால் சுமார் 1.98 லட்சம் லிட்டர் நிற்கும். கரையைச் செங்குத்தாக வெட்டாமல் 1-க்கு 4 என்று (1 அடி இறங்க 4 அடி தூரம்) சரித்து இறக்க வேண்டும் என்பதால் கொள்ளளவு குறையும். நடுவில் ஒன்றரை அடி வரை இறக்கி ஈடுகட்டலாம். மொட்டைமாடித் தண்ணீரை இதில் சேர்க்கவில்லை. அது அந்தந்த வீட்டு சம்ப்புக்கோ கிணற்றுக்கோ போகட்டும். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003 முதலே கட்டாயம்.

பெரும்பாலும் கெடுவது மூன்று இடத்தில். கட்டடம் முடிந்ததும் காண்டிராக்டர் இடிபாட்டையெல்லாம் பூங்காவில் கொட்டி, மேலே ஒரு சாண் செம்மண் பரப்பிவிடுவார். பூங்கா மேடாகி, அங்கே பெய்த மழையும் ரோட்டுக்கு வந்துவிடும். அடுத்தது, சுற்றிலும் இடைவெளியே இல்லாமல் கர்ப் கல் (ஓரக்கல்) பதிப்பது. 10 அடிக்கு ஒன்றாக ஒன்றரை அடி அகல வாய் விடுங்கள், உள்பக்கம் சிறு கசடுத் தொட்டி வையுங்கள், மழைக்காலத்துக்கு முன் அதை வாருங்கள். மூன்றாவது, வழிந்தோட வழி விடாதது. 2015 டிசம்பர் மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவானது, அந்த மழையை எந்தப் பூங்காவும் தாங்காது. வழிந்தோடும் வாயின் மட்டம், இருப்பதிலேயே தாழ்ந்த வீட்டின் தரைமட்டத்தைவிட ஒன்றரை அடியாவது கீழே இருக்கட்டும்.

மண்ணையும் சோதியுங்கள். 1 அடி அகலம், 2 அடி ஆழத்தில் குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்பி ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க வேண்டும். 25 மி.மீ.க்கு மேல் இறங்கினால் நல்ல மண். 12-க்குக் கீழே என்றால் களி. அப்போது பூங்காவுக்குள் 3 அடி விட்டத்தில் உறை இறக்கி, களியைத் தாண்டி மணலோ உக்கிய பாறையோ வரும்வரை போக வேண்டும்.

கேள்வி: குழி மாதிரி பூங்கா என்றால் கொசு வராதா?

ஒன்றிரண்டு நாளில் வடிந்தால் வராது. முட்டை கொசுவாக ஒரு வாரமாவது ஆகும். உங்கள் கொசு பெரும்பாலும் மூடாத சம்ப்பிலும் பூந்தொட்டித் தட்டிலும்தான் வளர்கிறது.

கேள்வி: ஓ.எஸ்.ஆர். நிலத்தை (பொதுத் திறந்தவெளிக்கு ஒதுக்கும் நிலத்தை) எங்கள் காம்பவுண்டுக்குள் வைத்துப் பூட்டிக்கொள்ளலாமா?

கூடாது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ன்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தில் ரோடு நீங்கலாக 10 சதவீதத்தை உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுத்தாக வேண்டும். எழுதிக் கொடுத்தபின் அது ஊர்ச்சொத்து. அனுமதி பெற்று சங்கமே பராமரிக்கலாம். பூட்டு மட்டும் போடக்கூடாது. உங்களுக்கென்று பசுமை வேண்டுமானால் பொதுப் பகுதியாகத் தனியே ஒதுக்கி, பிரிபடாத பங்கில் சேருங்கள்.

3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை, நிலம் தர இயலாவிட்டால் வழிகாட்டி மதிப்பைப் பணமாகக் கட்ட வழியுண்டு. மேலே சொன்ன 2 ஏக்கர் 8,094 சதுர மீட்டர், அதாவது இந்த வரம்புக்குள் வருகிறது. பணம் கட்டி இன்னும் இரண்டு மனை போட ஆசை வரும். போடாதீர்கள், அந்த 2 லட்சம் லிட்டர் எங்காவது நின்றுதான் தீரும். நிலமாகக் கொடுத்தால், பள்ளமாக அமைக்க உள்ளாட்சியின் சம்மதத்தை முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: சீக்கிரம் நிழல் தரும் மரம் எது?

சீக்கிரம் வளர்வது சீக்கிரம் விழவும் செய்யும். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்தபோது சென்னையில் மயில்கொன்றையும் தூங்குமூஞ்சியும் ஏராளமாகச் சாய்ந்தன. புங்கன், பூவரசு, மகிழம், நாவல் வையுங்கள். புங்கன் நான்கைந்து வருடத்தில் உட்காரும் அளவு நிழல் தரும். மின்கம்பிக்குக் கீழே மந்தாரை போதும். கோனோகார்பஸ் வேண்டவே வேண்டாம்; வேர் குழாய்களைத் தேடிப் போகும்.

குழி 3 அடிக்கு 3 அடி, ஆழமும் 3. நர்சரிப் பையில் சுருண்ட வேரை வெட்டிவிட்டு நடுங்கள். அப்படியே நட்டால் பத்து வருடம் கழித்தும் அந்தச் சுருளிலேயே நின்று, காற்றில் அடியோடு பெயரும். அடிமரத்தைச் சுற்றி 4 அடிக்கு 4 அடி சிமென்ட் படாமல் விடுங்கள். பேவர் கல்லை மரத்தோடு ஒட்டிப் பதிக்கும் வழக்கம் என்றைக்கு ஒழியுமோ!

கேள்வி: பூங்காவில் புல்தரை போட்டோம், கோடையில் லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றுகிறோம்.

புல்தரைக்கு வெயில் காலத்தில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் அளவில் வேண்டும். 1,000 சதுர அடிக்கு 465 லிட்டர். குழந்தைகள் விளையாடும் பகுதியில் மட்டும் புல்லை வைத்துக்கொண்டு, மற்ற இடத்தில் பொடுதலை பரப்புங்கள். ஒரு சாண் தண்டுகளை முக்கால் அடிக்கு ஒன்றாக நட்டால் ஒரு மழைக்காலத்தில் மூடிவிடும். மிதி தாங்கும், நாலைந்து நாள் தண்ணீர் நின்றாலும் அழுகாது. பூத்தால் தேனீ வரும். வெறுங்காலோடு நடக்கும் பாதையில் பூவை வெட்டிவிடுங்கள்.

கேள்வி: குளியல், துணி துவைக்கும் தண்ணீரைப் பூங்காவுக்கு விடலாமா?

விடலாம், தண்ணீரை வடிகட்டும் கல்வாழைப் படுகை வழியாக. ஆளுக்கு 1 முதல் 1.5 சதுர மீட்டர், 2 அடி ஆழம், அடியில் தண்ணீர் இறங்காத விரிப்பு, மேலே ஜல்லி. 12 வீட்டில் நால்வர் வீதம் 48 பேருக்கு சுமார் 60 சதுர மீட்டர் ஆகும். சமையலறைத் தண்ணீரைச் சேர்த்தால் எண்ணெய் படிந்து ஜல்லி அடைத்துக்கொள்ளும். கொழுப்புத் தொட்டி இல்லாமல் விடாதீர்கள். வெளிவரும் தண்ணீரை ஒரு நாளுக்கு மேல் தேக்கினால் நாறும். அன்றன்றே மரத்தடிக்கு விடுங்கள், ஸ்பிரிங்ளரில் தெளிக்காதீர்கள்.

கேள்வி: வடக்குப் பார்த்த ஜன்னலுக்கு சன்ஷேட் தேவையில்லை என்கிறார் மேஸ்திரி.

சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சி வெயில் வடக்குச் சாய்விலிருந்துதான் வரும். 2 அடி சன்ஷேட் கட்டாயம் வையுங்கள். மேற்குச் சுவரிலோ சன்ஷேட் மட்டும் போதாது, சாய்ந்த வெயில் அடியில் நுழைந்துவிடும். சுவரிலிருந்து 10 அடி தள்ளி ஒரு புங்கன் வையுங்கள்.